பழுது இயந்திரத்திலா, இயக்கியிலா?

திருவனந்தபுரத்தில் இடவப்பாதி மழையும் பள்ளித் திறப்பும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வருகின்றன. கோடை விடுமுறை முழுவதும் அலமாரியில் அடைபட்டுக் கிடந்த மடிக்கணினிகள் அப்பொழுதுதான் வெளியே எடுக்கப்படுகின்றன. இணையத் தொடர்பு கிடைத்ததும், இரண்டு மாதமாகத் தேங்கிக் கிடந்த புதுப்பிப்புகள் அனைத்தையும் அவை ஒரே மூச்சில் இறக்கிப் பதிந்துகொள்கின்றன. மறுநாள் வகுப்பில் ஒலி எழுவதில்லை. அல்லது வைஃபை இணைப்பு காணாமற்போகிறது. அல்லது திரை இருண்டு நிற்கிறது. முதல் நாள் மாலை வரை செவ்வனே இயங்கிய கருவி, யாரும் தொடாமலே கெட்டுப்போனதாகத் தோன்றுகிறது.

இத்தகைய வேளையில் வழக்கமாக வழங்கப்படும் தீர்ப்புகள் இரண்டு. மழைக்கால ஈரம் உள்ளே புகுந்துவிட்டது என்பது ஒன்று. எல்லாவற்றையும் அழித்து மறுபடியும் நிறுவிவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் தீர்ப்பினால், குறையேதும் இல்லாத கருவி பழுதுபார்ப்போரிடம் சென்று பல நாட்கள் முடங்குகிறது. இரண்டாவது தீர்ப்பினால் வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள், மாணவர்கள் ஓராண்டு முயன்று செய்த படைப்புகள், கள ஊழியர் ஊர் ஊராக நடந்து திரட்டிய குறிப்புகள் யாவும் அழிந்துபோகின்றன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. உண்மையில் பல சமயங்களில் குற்றவாளி ஈரமுமன்று, இயந்திரமுமன்று. ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி என்னும் சிறு நிரலே ஆகும். இதனை அறிந்து நிதானமாக நடந்துகொள்ளும் பழக்கம் பள்ளிகளிலும் கள அலுவலகங்களிலும் இன்னும் வேரூன்றவில்லை. அது வேரூன்ற வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்து.

துபாஷியின் பணி

இயக்கி என்பது யாது? முற்காலத்தில் இரு மொழி பேசுவோர் வாணிபம் செய்தபோது, இருவர் மொழியும் அறிந்த துபாஷி ஒருவர் இடையில் நின்றார். கணினியில் இயக்கி செய்யும் வேலையும் அதுவே. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க முறைமை ஒரு பக்கம். ஒலிச் சில்லு, திரைச் சில்லு, வைஃபைச் சில்லு, விசைப்பலகை முதலிய உறுப்புகள் மறு பக்கம். ‘ஒலி எழுப்பு’ என்று இயக்க முறைமை பொதுமொழியில் ஆணையிடுகிறது. அந்த ஆணையைக் குறிப்பிட்ட சில்லுக்கு மட்டுமே விளங்கும் மொழியில் இயக்கி பெயர்த்துச் சொல்லுகிறது. துபாஷி பிறழ உரைத்தால், வாங்குவோரும் விற்போரும் எவ்வளவு நேர்மையாளராயினும் வாணிபம் கெடும். அவ்வாறே இயக்கி பிழைபட்டால், இயக்க முறைமையும் சில்லும் நல்ல நிலையில் இருந்தும் வேலை நடவாது.

இதில் மற்றுமொரு விசேஷம் உண்டு. கடிதம் எழுதும் நிரலோ படம் வரையும் நிரலோ பழுதுபட்டால், அந்த நிரல் மட்டும் நின்றுபோகும். கணினி தொடர்ந்து இயங்கும். இயக்கிகளில் பெரும்பாலானவையோ ‘கர்னல்’ எனப்படும் உட்கருவிலேயே வேலை செய்கின்றன. உட்கருவில் நேரும் பிழையைத் தடுத்து நிறுத்த அதற்குமேல் காவலர் இல்லை. தவறான நினைவகப் பகுதியை இயக்கி ஒருமுறை தொட்டாலும், சேதம் பரவாமல் இருக்கும்பொருட்டு இயக்க முறைமை தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. விண்டோஸில் தோன்றும் நீலத்திரை இவ்வாறு எழுவதே. சிறு நிரல் ஒன்றினால் முழுக் கணினியும் முடங்குவதன் காரணம் இதுதான்.

அண்மைக்கால அனுபவங்கள்

இது கற்பனை அச்சமன்று. 2018 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் ஒலி இயக்கி ஒன்று, விண்டோஸ் புதுப்பிப்புச் சேவையின் வழியாக, அதற்குப் பொருந்தாத கணினிகளுக்கும் தவறுதலாக அனுப்பப்பட்டது. அக்கணினிகளில் ஒலி நின்றுபோயிற்று. ஒலிபெருக்கிகள் கெடவில்லை, துபாஷி மட்டுமே மாறிவிட்டார். அதே மாதத்தில் ஹெச்.பி. நிறுவனக் கணினிகள் சிலவற்றில் விசைப்பலகைக்குரிய இயக்கி ஒன்று நீலத்திரையைத் தோற்றுவித்தது. இரண்டையும் நீக்குவதற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் தனித் திருத்தங்களை வெளியிட நேர்ந்தது.

2014ஆம் ஆண்டில் நிகழ்ந்த சம்பவம் இன்னும் விசித்திரமானது. அளவுக் கருவிகளையும் மின்னணுப் பலகைகளையும் யூ.எஸ்.பி. வழியாகக் கணினியோடு பொருத்தும் சில்லுகளைச் செய்யும் எஃப்.டி.டி.ஐ. என்ற நிறுவனம், தன் சில்லுகளைப் போலியாகச் செய்து விற்போரைத் தடுக்க எண்ணியது. அதன் புதிய இயக்கி, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சூனியமாக மாற்றிவிட்டது. அதன்பின் அச்சில்லுகளைக் கணினிகள் வழக்கம்போல் அடையாளம் காணவில்லை. தம் கருவிக்குள் இருப்பது போலி என்பதை அறியாமல் விலை கொடுத்து வாங்கியோரே அதனால் துன்புற்றனர். எதிர்ப்பு வலுத்ததும் அந்த இயக்கி திரும்பப் பெறப்பட்டது. கள ஊழியர்கள் நினைவிற்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது.

எல்லாவற்றிலும் பெரியது 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை நேர்ந்தது. கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் காவல் நிரலுக்கு ஒரு சிறு தகவற் கோப்பை இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு அனுப்பியது. காலை 10.57 மணிக்குள் அது திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களுக்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. உட்கருவில் இயங்கிய இயக்கிக்கு 20 தகவற் புலங்களே அளிக்கப்பட்டிருக்க, புதிய கோப்பு 21ஆவது புலத்தையும் பார்க்கச் சொல்லியது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய் இயக்கி நிலைதடுமாறிற்று. இந்திய விமான நிலையங்களில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்த காட்சியைப் பலர் நினைவில் வைத்திருப்பர். கணினிகள் மீண்டும் மீண்டும் தொடங்கி விழுந்துகொண்டிருந்தமையால், பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாக நேரில் சென்று, பாதுகாப்பு முறையில் தொடக்கி, பிழையான கோப்பை நீக்க வேண்டியதாயிற்று. அதற்காக வன்தட்டை அழிக்க வேண்டியிருக்கவில்லை. பிழைபட்டது எதுவோ அதை மட்டுமே அகற்றினர். இந்த நிகழ்ச்சியின் தலையாய பாடம் அதுவே.

புதுப்பிப்பையே ஒதுக்கிவிடலாமா?

இவற்றைக் கேட்போர், ‘ஓடுகிற இயந்திரத்தைத் தொடாதிருப்பதே நன்று, புதுப்பிப்பை அடியோடு நிறுத்திவிடுவோம்’ என்று கூறுவதுண்டு. இவ்வாறு செய்துவிட்டு நிம்மதியாக இருக்கும் அலுவலகங்களும் உள. அந்த நிம்மதி போலியானது என்பதற்குக் கேரளத்திலேயே சான்று உண்டு. 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியபோது, வயநாட்டிலும் பத்தனம்திட்டாவிலும் ஊராட்சி அலுவலகக் கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டு, திறவுகோலுக்கு விலை கேட்கப்பட்டது. அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. உரிய காலத்தில் புதுப்பிக்கப்பட்ட கணினிகள் பிழைத்தன.

ஆகவே, புதுப்பிப்பை மறுப்பதும் பேதைமை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் பேதைமை. புதுப்பிப்பு மருந்து போன்றது. மருந்து ஒவ்வாது போகலாம் என்பதற்காக எவரும் மருத்துவத்தைக் கைவிடுவதில்லை. எந்த மருந்து எந்நாளில் உட்கொள்ளப்பட்டது, அதன்பின் என்ன நேர்ந்தது என்பதைக் குறித்து வைக்கிறார்கள். கணினியின் விஷயத்தில் அந்தக் குறிப்பேடு இல்லாமையே பெருங்குறை.

திருவனந்தபுரத்தின் பங்கு

இயக்கியைப் பற்றிய இந்த விவாதத்தில் திருவனந்தபுரத்துக்குத் தனியிடம் உண்டு. 1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துச் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்குப் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. அதில் காகிதம் அடிக்கடி சிக்கிக்கொண்டது. பழைய பொறியில் செய்தது போல, காகிதம் சிக்கியதும் பயன்படுத்துவோருக்குச் செய்தி அனுப்பும் திருத்தத்தைச் செய்ய ரிச்சர்டு ஸ்டால்மன் விரும்பினார். அப்பொறியை இயக்கும் நிரலின் மூலம் அவருக்கு மறுக்கப்பட்டது. அந்த அனுபவமும் சேர்ந்தே அவரைக் கட்டற்ற மென்பொருள் என்னும் கருத்துக்கு இட்டுச் சென்றது. 1983இல் க்னூ திட்டத்தை அவர் அறிவித்தார். 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டபோது அவர் இங்கு வந்திருந்தார்.

அதே காலத்தில் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் மாநிலத் திட்டம் 2017இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. அதன் தலைமையகம் பூஜப்புரையில் உள்ளது. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ், 8 முதல் 12 வரையுள்ள வகுப்புகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் தொகுத்தளிக்கும் லினக்ஸ் இயக்க முறைமையே பள்ளிக் கணினிகளில் பயன்படுகிறது. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களில் கணினியின் உறுப்புகளைப் பற்றியும் பயிற்சி தரப்படுகிறது.

கட்டற்ற மென்பொருள் வந்தமையால் இயக்கித் தொல்லை ஒழிந்தது என்று கூறினால் அது மிகையாகும். சில வைஃபைச் சில்லுகளைச் செய்வோர் லினக்ஸுக்குரிய இயக்கியைத் தாமே அளிப்பதில்லை; பிறர் எழுதிய இயக்கி புதிய உட்கருவோடு பொருந்தாமற்போவதும் உண்டு. ஆயினும் ஒரு பெரிய வேற்றுமை இருக்கிறது. லினக்ஸில் உட்கருவின் புதிய பதிப்பு வரும்போது, பழைய பதிப்பு உடனே அழிக்கப்படுவதில்லை. தொடக்கப் பட்டியலில் காத்திருக்கிறது. பின்வாங்குவதற்கு ஒரு வாயில் எப்பொழுதும் திறந்திருக்க வேண்டும் என்ற கொள்கையே இதன் உட்பொருள். அந்தக் கொள்கை நிரலாளர்க்கு மட்டுமன்றி, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் உரியதாக வேண்டும்.

நோயறியும் முறை

முதலாவதாகக் கேட்க வேண்டிய வினா, ‘என்ன கெட்டது?’ என்பதன்று, ‘கடைசியாக எது மாறியது?’ என்பதே. விண்டோஸில் புதுப்பிப்பு வரலாறு என்ற பகுதியில் நாளும் பெயரும் பதிவாகியிருக்கும். பழுது தோன்றிய நாளும் புதுப்பிப்பு நாளும் ஒத்திருந்தால், ஐயம் இயக்கியின் மேல் விழ வேண்டும்.

இரண்டாவது, உறுப்பைத் தனியே சோதிப்பது. லினக்ஸ் பதிந்த யூ.எஸ்.பி. நினைவகம் ஒன்றிலிருந்து, எதையும் நிறுவாமல், கணினியைத் தொடக்கிப் பார்க்கலாம். அப்பொழுது ஒலியும் வைஃபையும் இயங்கினால் உறுப்புகள் நலமாயுள்ளன என்பது தெளிவு. ஈரத்தின்மேல் பழி போடுவதற்கு அதன்பின் இடமில்லை. இயங்காவிட்டால் மட்டும் முடிவை ஒத்தி வைக்க வேண்டும். அந்த லினக்ஸிலும் உரிய இயக்கி இல்லாதிருக்கலாம்.

மூன்றாவது, முந்தைய நிலைக்குத் திரும்புவது. விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்னும் பட்டியலைத் திறந்து, பழுதுபட்ட உறுப்பின் பண்புகளுக்குள் டிரைவர் என்ற பக்கத்துக்குச் சென்றால், ‘ரோல் பேக் டிரைவர்’ என்ற பொத்தான் காணப்படும். அதை அழுத்தினால் பழைய இயக்கி மீளும். அப்பொத்தான் மங்கியிருந்தால் பழைய இயக்கி சேமிப்பில் இல்லையென்று பொருள். அப்போது புதிய இயக்கியை நீக்கிவிட்டு, அம்மாதிரிக் கணினிக்கே உரியதைச் செய்தவரின் தளத்திலிருந்து பெற்று நிறுவ வேண்டும். இணையமே இல்லாவிட்டால் வேறு கணினியில் இறக்கி யூ.எஸ்.பி. வழியாகக் கொண்டுவரலாம். திரை தோன்றாத கணினியைப் பாதுகாப்பு முறையில் தொடக்க வேண்டும். அம்முறையில் அடிப்படைத் திரை இயக்கி மட்டுமே பயன்படுவதால் பெரும்பாலும் திரை ஒளிரும். லினக்ஸில் தொடங்கும் வேளையில் எஸ்கேப் அல்லது ஷிப்ட் விசையை அழுத்தி, மேம்பட்ட தெரிவுகளில் பழைய உட்கருவைத் தேர்ந்தால் போதும். அதில் வைஃபை மீண்டால், பழுது புதிய உட்கருவோடு வந்தது என்பது உறுதியாகிவிடும். காரணம் தெளியும் வரை பழைய உட்கருவை நீக்கலாகாது.

இவை யாவும் பயனளிக்காத பின்னரே அழித்து நிறுவுவதைப் பற்றி எண்ணலாம். அப்பொழுதும், யூ.எஸ்.பி. லினக்ஸ் வழியாகக் கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்து வைத்த பின்னரே அது செய்யத்தக்கது. வன்தட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் இன்றி உள்ளே நுழைய இயலாது. கிரௌட்ஸ்டிரைக் நிகழ்ச்சியின்போது அந்த எண்ணைத் தேடியே பல அலுவலகங்கள் பொழுதைக் கழித்தன. எண்ணை முன்கூட்டியே எழுதி, பூட்டிய அலமாரியில் வைப்பதற்குச் செலவேதும் இல்லை.

யாருடைய பொறுப்பு?

‘ஆசிரியரின் வேலை பாடம் நடத்துவது, கணினியைப் பழுதுபார்ப்பதன்று’ என்னும் ஆட்சேபம் நியாயமானதே. ஆசிரியரைப் பொறியாளராக்கும் எண்ணம் இங்கு இல்லை. ஆயினும் காய்ச்சல் கண்ட குழந்தையின் உடற்சூட்டை அளந்து பார்ப்பதற்குத் தாய் மருத்துவராயிருக்க வேண்டியதில்லை. ‘நேற்று மாலை புதுப்பிப்பு நடந்தது, இன்று காலை ஒலி இல்லை, யூ.எஸ்.பி. லினக்ஸில் ஒலி வருகிறது’ என்று மூன்று வரி எழுதி அனுப்பும் ஆசிரியர், பழுதுபார்ப்பவரின் வேலையிற் பாதியைக் குறைத்துவிடுகிறார். அத்துடன், தேவையின்றி அழிக்க வருபவரைத் தடுத்து நிறுத்தும் தகுதியையும் பெறுகிறார். மாணவர் மன்றங்கள் உள்ள பள்ளிகளில் இந்தச் சோதனைகளை மாணவர்களே, ஆசிரியரின் மேற்பார்வையில், செய்யலாம். விஞ்ஞான முறை என்று பாடநூல் போதிப்பது இதைத்தான்: ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்று, மாற்றியதைக் குறித்து வை, விளைவைக் கண்ட பின் முடிவு செய். அதனைக் கற்பிக்க வகுப்பறை மடிக்கணினியைவிடச் சிறந்த உபகரணம் கிடைப்பது அரிது.

நிர்வாகத்தின் கடமை இதனினும் பெரிது. ஒவ்வொரு கணினிக்கும் நாள், மாற்றம், விளைவு என்னும் மூன்று பத்திகள் கொண்ட பதிவேடு இருக்க வேண்டும். புதுப்பிப்பை முதலில் ஒரே ஒரு கணினியில் ஏற்று, ஒரு வாரம் பார்த்த பின்னரே ஏனையவற்றுக்கு அளிக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாக் கணினிகளையும் புதுப்பிப்பது, ஒரே படகில் ஊரார் அனைவரையும் ஏற்றுவது போலாகும். தீநிரல் பரவும் நெருக்கடியில் மட்டும் அந்த வாரம் ஒரு நாளாகச் சுருங்கலாம். சோதிக்கும் வழக்கம் அப்போதும் கைவிடத்தக்கதன்று. தேர்வு நடைபெறும் நாட்களில் விண்டோஸ் அளிக்கும் தற்காலிக நிறுத்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டு, தேர்வு முடிந்ததும் மறவாமல் நீக்க வேண்டும். கணினி வாங்கும் ஒப்பந்தத்தில், அம்மாதிரிக்குரிய இயக்கிகளின் பழைய பதிப்புகளும் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். பொதுப்பணத்தில் பல ஆயிரம் கருவிகளை ஒருங்கே வாங்கும் அரசுக்கு அதனைக் கேட்கும் வலிமை உண்டு.

புதுப்பிப்பை அனுப்புவோருக்கும் இதே நியதி பொருந்தும். 2024 ஜூலைக்குப் பின் கிரௌட்ஸ்டிரைக் நிறுவனமே தன் தகவற் கோப்புகளையும் படிப்படியாக வெளியிடும் முறைக்கு வந்தது. உலகு தழுவிய நிறுவனம் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடத்தை, பத்துக் கணினிகள் உள்ள ஒரு பள்ளி விலையின்றியே கற்றுக்கொள்ளலாம்.

அடுத்த ஜூன் மாதத்திலும் மழை பெய்யும், பள்ளி திறக்கும், புதுப்பிப்புகள் வரிசையாக வந்து நிற்கும். ஏதேனும் ஒரு வகுப்பில் ஒலியும் நின்றுபோகும். அவ்வேளையில் ஆசிரியரின் கை, அழிக்கும் கட்டளைக்குப் போகாமல் பதிவேட்டுக்குப் போகுமானால், மாணவரின் ஓராண்டு உழைப்பும் நாட்டின் பணமும் ஒருசேரக் காக்கப்படும். பதறாத காரியம் சிதறாது என்பது கணினிக்கும் பொருந்தும் முதுமொழியே.